ஊர்வலத்தைப் படமாக்குதல்

(திரைப்படச் சங்கக் கூட்டம் ஒன்றில், ‘ப்ளடி சன்டே’ திரையிடப்படுவதற்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

படம் போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் பேசலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன். முடிக்காவிட்டால் தயங்காமல் விளக்கை அணைத்துவிடுங்கள்.

1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஸ்டான்லி க்ரேமரின் ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்’ படத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. நாஜி ஆட்சியில் சட்டத்தின் பெயராலேயே அக்கிரமம் செய்த நீதிபதிகளைக் கூண்டில் ஏற்றும் படம். ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது கணக்கு. நடுவிலே படத்தை நிறுத்தினார்கள். அலபாமா மாநிலத்துச் செல்மா ஊரில் அன்று பகலில் எடுத்த செய்திப்படச் சுருள் வந்து சேர்ந்திருந்தது. வாக்குரிமை கேட்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்து வந்த சுமார் 600 பேரை மாநிலப் போலீஸும், குதிரைமேல் வந்த ஷெரிஃபின் ஆட்களும் தடியாலும் சவுக்காலும் கண்ணீர்ப்புகையாலும் விரட்டி அடித்த காட்சி. கால் மணி நேரம் அது ஓடியது. பிறகு மறுபடியும் நியூரம்பர்க்.

அந்தக் கால் மணி நேரம் நாட்டை உலுக்கியது. எட்டு நாளில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தில் பேசினார். ஆகஸ்ட் 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இப்படி நிஜமே படச்சுருளில் இருக்கும்போது, அதே பாலத்தில் அதே அடியை நடிகர்களை வைத்துத் திரும்ப எடுப்பானேன்? 2014இல் ‘செல்மா’ படம் எடுத்த ஏவா டுவர்னே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அன்று அடி வாங்கியவர்களைவிட நன்றாக எந்த நடிகராலும் அடி வாங்கிவிட முடியாது.

எனக்குத் தோன்றுகிற பதில் இது. செய்திக் கேமரா அடி விழும் இடத்துக்குச் சரியாக வந்துவிடும். முந்தின நாள் ராத்திரிக் கூட்டத்துக்கு வராது. முன்வரிசையில் யார் போவது, தடுத்தால் உட்காருவதா திரும்புவதா, வெளியூர்த் தலைவர் சொல்வதை உள்ளூர் ஆட்கள் ஏன் கேட்க வேண்டும் என்ற சண்டைகளுக்கு வராது. எதிர்ப்பக்கத்தில் எந்த அதிகாரி எந்த மேஜையில் உட்கார்ந்து என்ன உத்தரவு போட்டார் என்பதற்கும் வராது. புனைவுப் படத்துக்கு வேலை அந்த அறைகளில்தான் இருக்கிறது. துப்பாக்கிச் சூட்டைத் தத்ரூபமாக எடுக்க ஒரு நல்ல ஸ்டன்ட் மாஸ்டர் போதும். ஊர்வலத்தை எடுப்பதுதான் கஷ்டம். இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் நான் அதைத்தான் முதலில் கவனிப்பேன்.

‘செல்மா’வில் ஒரு காட்சி. ஆனி லீ கூப்பர் என்ற பெண் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மனுவோடு வந்து நிற்கிறார். ஓப்ரா வின்ஃப்ரே நடித்திருக்கிறார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், அரசியல் சாசனத்தின் முகப்புரையைச் சொல் என்கிறார். இந்த அம்மாள் சொல்லத் தொடங்குகிறார். சரி, அலபாமாவில் கவுன்டி நீதிபதிகள் எத்தனை பேர்? 67 என்று பட்டென்று பதில் வருகிறது. ஒரு வினாடி அந்த ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு, அத்தனை பேருடைய பெயரையும் சொல் என்கிறார். மனு தள்ளுபடி, முத்திரை விழுகிறது. இந்தக் காட்சியில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, குரல்கூட உயரவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு சான்றிதழுக்காக நின்று பழகியவர்களுக்கு அந்தக் குரல் உடனே அடையாளம் தெரியும். பின்னால் பாலத்தில் வருகிற தடியடி இந்த முத்திரையின் நீட்சிதான். முத்திரையைக் காட்டாமல் தடியடியை மட்டும் காட்டியிருந்தால், ‘ஐயோ பாவம்’ என்பதோடு நாம் எழுந்து போயிருப்போம்.

இன்னொரு காட்சியைச் சொல்ல வேண்டும். அது கொஞ்சம் சங்கடமானது. செல்மா ஊரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று மார்ட்டின் லூதர் கிங் விளக்குகிறார். அதற்கு முன்பு ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் அவர்கள் நடத்திய போராட்டம் பிசுபிசுத்துப் போனது. அங்கிருந்த போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட் கெட்டிக்காரர். கேமரா முன்னால் யாரையும் அடிக்க விடாமல், மரியாதையாகக் கைதுசெய்து பல ஊர்ச் சிறைகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார். செய்தியே இல்லை. செல்மாவின் ஷெரிஃப் ஜிம் கிளார்க் அப்படி அல்ல. சீண்டினால் கை நீட்டிவிடுகிற ஆள். அதனால்தான் செல்மா. அகிம்சைப் போராட்டத்துக்குள் இப்படி ஒரு கணக்கு இருந்ததை வெளிப்படையாகப் படம் பேசுகிறது. கிங்கைச் சிலையாக்க நினைக்கிற ஒருவர் இந்தக் காட்சியை வெட்டியிருப்பார். அதே ஊரில் 1963 முதல் வேலை செய்துகொண்டிருந்த மாணவர் அமைப்பினர், நாங்கள் உழுத நிலத்தில் நீங்கள் வந்து அறுவடை செய்வதா என்று அவரிடம் முறைப்பதும் படத்தில் இருக்கிறது.

மார்ச் 9ஆம் தேதி கிங்கே ஊர்வலத்தை நடத்திக்கொண்டு பாலத்தைக் கடந்து போனார். போலீஸ் வரிசைக்கு எதிரே மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார். எழுந்தார். எல்லாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். கூட வந்தவர்களுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. நாயகன் திரும்பி நடக்கிற காட்சியை எடுக்க நம் ஊரில் எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார் என்று யோசித்துப் பார்க்கிறேன். டுவர்னே எடுத்திருக்கிறார், ஆத்திரத்தையும் சேர்த்தே.

இந்தப் படத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிங்காக நடித்த டேவிட் ஒயலோவோ மேடையில் பேசுகிற எந்தப் பேச்சும் கிங் பேசியது அல்ல. அவருடைய உரைகளைப் படமாக்கும் உரிமையை வாரிசுகள் முன்பே வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். டுவர்னே உட்கார்ந்து, அந்த மூச்சிலும் தாளத்திலும் புதிதாக எழுதினார். எனக்கென்னவோ அது நல்லதாகவே முடிந்தது என்று தோன்றுகிறது. மனப்பாடமான வாசகங்கள் வந்திருந்தால் நாம் கைதட்டத் தயாராகியிருப்போம். தெரியாத சொற்கள் என்பதால் காது கொடுத்துக் கேட்கிறோம்.

குறையும் உண்டு. ஜனாதிபதி ஜான்சனை வாக்குரிமைச் சட்டத்தை இழுத்துப் பிடிக்கிற ஆளாகக் காட்டியதை அவருடைய பழைய உதவியாளர்கள் கடுமையாக மறுத்தார்கள். கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963இலேயே அனுமதி கொடுத்தவர் அன்றைய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி. படமோ, கிங்கை மிரட்ட எஃப்.பி.ஐ. அனுப்பிய ஒலிநாடாவை ஜான்சனின் கணக்கில் எழுதுகிறது. வேண்டியிராத வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வில்லன் இருந்தால் காட்சி சூடுபிடிக்கும் என்ற பழைய ஆசைதான். ஜான்சனின் நிஜமான தயக்கமே, அதாவது இந்த வருடம் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்ற பேச்சே, போதுமான நாடகம்.

இதற்கு நேர் எதிரான படம் ஒன்று: ஆலன் பார்க்கரின் ‘மிஸிஸிப்பி பர்னிங்’, 1988. நன்றாக எடுத்த படம், ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் வாங்கியது, ஜீன் ஹாக்மன் பிரமாதம். எனக்குப் பிடிக்காது. 1964 ஜூன் 21ஆம் தேதி மிஸிஸிப்பியில் வாக்காளர் பதிவு இயக்கத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஜேம்ஸ் சேனி உள்ளூர்க் கறுப்பினத்தவர். ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் இருவரும் நியூயார்க்கிலிருந்து வந்த வெள்ளையர்கள். 44 நாள் கழித்து ஒரு மண் அணைக்குள்ளிருந்து உடல்களை எடுத்தார்கள். அந்தக் கோடையில் வேறு இரண்டு கறுப்பின இளைஞர்களின் உடல்களும் ஆற்றில் கிடைத்தன. அவர்களைத் தேடி எந்தப் படையும் போயிருக்கவில்லை.

பார்க்கரின் படம் மூவரும் சுடப்படுவதோடு தொடங்குகிறது. அதன் பிறகு இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் துப்பறியும் கதை. தேவாலயங்கள் எரிகின்றன, வீடுகள் எரிகின்றன. எரிகிற வீட்டுக்காரர்கள் பயந்த கண்களோடு கேமராவைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கோடையில் வீடு வீடாக நடந்து பெயர் சேர்த்தவர்கள், வந்தவர்களுக்குத் திண்ணையும் சோறும் கொடுத்து அதற்காக வேலை இழந்தவர்கள் யாரும் கதைக்குள் இல்லை. கிங்கை ஒட்டுக்கேட்ட அதே நிறுவனம் படத்தில் ரட்சகனாகிவிடுகிறது. கிங்கின் மனைவி கொரட்டா ஸ்காட் கிங் இந்தப் படத்தைக் கண்டித்ததில் ஆச்சரியம் இல்லை. நிஜத்தில் 1967இல் மத்திய அரசு நடத்திய வழக்கில் ஏழு பேருக்குத்தான் தண்டனை. மிஸிஸிப்பி மாநிலம் தானாக ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்க 2005 ஜூன் 21 வரை ஆயிற்று; அதே தேதி, சரியாக 41 ஆண்டுகள். படமோ கடைசி ரீலில் தண்டனைப் பட்டியலைப் போட்டு நம்மைத் திருப்தியாக வீட்டுக்கு அனுப்புகிறது.

பெயர்களைப் பற்றி இந்த இடத்திலேயே ஒரு வார்த்தை. கோஸ்டா-காவ்ராஸின் ‘இஸட்’, 1969இல் வந்தது. 1963இல் தெஸ்ஸலோனிகியில் கிரேக்க எம்.பி. லாம்ப்ராக்கிஸ் கொல்லப்பட்டதைப் பற்றியது. நிஜ மனிதர்களோடு உள்ள ஒற்றுமை தற்செயல் அல்ல, வேண்டுமென்றே வைத்தது என்று முகப்பிலேயே அறிவித்துவிடுகிறது. அதில் வருகிற அஞ்சாத விசாரணை நீதிபதியின் நிஜ உருவான சார்ட்ஸெடாகிஸ் 1985இல் கிரேக்கத்தின் ஜனாதிபதியே ஆனார்! நம்மிடம் ‘பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே’ என்ற அட்டை இல்லாமல் படம் தொடங்குவதில்லை. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ பார்த்தவர்கள் எல்லாருக்கும் பொடியன்குளம் எந்த ஊர் என்று தெரியும். ஆனாலும் 1995இல் போலீஸ் புகுந்து அடித்த கொடியங்குளத்தின் முதல் எழுத்தை மாற்றித்தான் வைக்க வேண்டியிருந்தது. இயக்குநரைக் குறை சொல்லவில்லை. ஊர்ப் பெயரையும் அதிகாரியின் பெயரையும் அப்படியே வைத்துப் படமெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இன்றைய படத்துக்கு வருகிறேன்.

செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கு நடந்த ஊர்வலத்தின் யோசனை வடக்கு அயர்லாந்துக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே டெர்ரி நகரில் கத்தோலிக்கர்கள்தாம் பெரும்பான்மை. ஆனால் வார்டு எல்லைகளைக் கோணல்மாணலாக வரைந்து, நகரசபை புராட்டஸ்டன்ட்டுகள் கையிலேயே இருக்கும்படி செய்திருந்தார்கள். வீடு ஒதுக்கீடும் அவர்கள் கையில். உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு வரி கட்டுகிறவருக்கே ஓட்டு. வீடு இல்லையேல் ஓட்டு இல்லை. 1969 ஜனவரி முதல் தேதி பெல்ஃபாஸ்டிலிருந்து டெர்ரிக்கு மாணவர்கள் நடக்கத் தொடங்கினார்கள், அலபாமாவை நினைத்துக்கொண்டே. பர்ன்டாலட் என்ற இடத்தில் ஒரு பாலத்தருகே காத்திருந்த கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. 1971 ஆகஸ்டில் விசாரணையே இல்லாமல் ஆட்களை அடைத்து வைக்கும் முறை வந்தது. அதை எதிர்த்து 1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை, டெர்ரியில் ஊர்வலம். ஊர்வலங்களுக்குத் தடை இருந்தது. பிரிட்டிஷ் பாராசூட் படையின் முதல் பட்டாலியன் சுட்டதில் அன்று 13 பேர் இறந்தார்கள். காயப்பட்ட இன்னொருவர் சில மாதம் கழித்து இறந்தார்.

பால் க்ரீன்கிராஸ் 2002இல் எடுத்த படம் நீங்கள் பார்க்கப்போவது. அவர் தொலைக்காட்சியில் புலனாய்வுச் செய்தியாளராக இருந்து வந்தவர். அந்த வாசனை படம் முழுக்க இருக்கிறது. தொடக்கத்தில் இரண்டு பத்திரிகையாளர் சந்திப்புகள் மாறி மாறி வரும். ஒன்றில் ஊர்வலம் நடக்கும் என்கிறார் ஐவன் கூப்பர். இன்னொன்றில் நடக்க விடமாட்டோம் என்கிறார் ஜெனரல் ஃபோர்ட். கூப்பர் உள்ளூர் எம்.பி.; கத்தோலிக்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய புராட்டஸ்டன்ட். ஜேம்ஸ் நெஸ்பிட் அவரை எப்படி நடித்திருக்கிறார் பாருங்கள். காலையிலிருந்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு பையனை அதட்டுகிறார், ஒரு பாட்டியிடம் சிரிக்கிறார், நடுவிலே யாரோ தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். ஊர்வலம் என்பது லட்சியம் என்பதற்கு முன்னால் இத்தனை சில்லறை வேலை. ராணுவம் வழியை அடைத்துவிட்டதால், நகர மன்றக் கட்டடத்துக்குப் போக வேண்டிய ஊர்வலத்தை முன்னால் போகும் லாரியைத் திருப்பி வேறு முனைக்குக் கொண்டுபோகிறார்கள். இளவட்டங்கள் சிலர் திரும்பாமல் தடுப்பை நோக்கிப் போய்க் கல்லெறிகிறார்கள். தொண்டர்கள் கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறார்கள். அந்தத் திருப்பத்தில் ஊர்வலம் இரண்டாகப் பிளப்பதைக் க்ரீன்கிராஸ் அவசரப்படாமல் எடுத்திருக்கிறார். என் கணக்கில் படத்தின் உச்சக்காட்சி அதுதான். சூடு அதற்குப் பிறகு வருவது.

எதிர்ப்பக்கத்து அறையும் உண்டு. ஊர்வலத்தை விட்டுவிடுவதே நல்லது என்று உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி லேகன் சொல்கிறார், கேட்பார் இல்லை. பிரிகேடியர் மெக்லெல்லன் வயர்லெஸ் முன்னால் தவிக்கிறார். கலகக்காரர்களைக் கைதுசெய்யலாம், ஆனால் ரோஸ்வில் தெருவில் கூட்டத்தோடு சேர்த்து விரட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது அவர் அனுமதித்த எல்லை. பாராசூட் பட்டாலியனின் தலைவர் கர்னல் வில்ஃபோர்ட் அந்த எல்லையில் நிற்கவில்லை. இந்த முறைக்கு முன்னோடி, ஜில்லோ பொன்டெகோர்வோவின் ‘அல்ஜியர்ஸ் போர்’, 1966. அதில் சித்திரவதை செய்யும் பிரெஞ்சுக் கர்னல் மத்தியூவை முட்டாளாகவோ மிருகமாகவோ காட்டாமல், தெளிவாகப் பேசுகிற ஆளாகவே காட்டினார்கள். குண்டு வைக்க வந்த அல்ஜீரியப் பெண் ஓட்டலில் உட்கார்ந்து சுற்றிலும் இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, ஐஸ்கிரீம் தின்கிற குழந்தையையும் நாம் பார்த்தாக வேண்டும். விடுதலை இயக்கத் தளபதியாக இருந்த சாதி யாசெஃப்பே தயாரிப்பில் பங்கெடுத்து, தன்னையொத்த பாத்திரத்தில் நடித்த படம் அது. அப்படியிருந்தும் அந்தக் குழந்தையை ஒளிக்கவில்லை. பிரான்சில் பல ஆண்டுகள் திரையிட முடியவில்லை. 2003இல் பென்டகனில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பாடமாகிற படம் எப்படிப்பட்டது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டெர்ரிக்கு வருகிறேன். 1972இல் நடந்தவர்களில் பலர் 2001இல் படப்பிடிப்புக்காக மறுபடி நடந்தார்கள். சுட்ட இடத்தில் இருந்த ரோஸ்வில் அடுக்குமாடிகளை இடித்துவிட்டிருந்ததால், பெரும்பகுதியை டப்ளினின் பாலிமன் குடியிருப்பில் எடுத்தார்கள். படை வீரர்களாக நடித்தவர்களில் பலர் நிஜ முன்னாள் வீரர்கள். கர்னல் வில்ஃபோர்ட்டாக வருகிற சைமன் மான் நடிகரே அல்ல, முன்னாள் ராணுவ அதிகாரி. படம் வந்து இரண்டு வருடம் கழித்து, ஈக்வடோரியல் கினியில் ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிப்படையோடு கிளம்பியதாக ஜிம்பாப்வேயில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். நடிகர் தேர்வு சரிதான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இனி, பெயரைச் சொல்லிப் படமெடுப்பதன் விலை. அரசு வைத்த விட்ஜரி விசாரணையின் அறிக்கை மூன்று மாதத்துக்குள், 1972 ஏப்ரலிலேயே வந்து, படையினரைப் பெரும்பாலும் காப்பாற்றியது. இறந்தவர்களின் குடும்பங்கள் கால் நூற்றாண்டு போராடின. 1998இல் சாவில் பிரபு தலைமையில் புதிய விசாரணை. படம் வெளிவந்தபோது அந்த விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதாவது தீர்ப்புக்கு எட்டு வருடம் முன்பே படம் ஒரு சாட்சியாகப் போய் நின்றுவிட்டது. பெரிய விஷயத்தில் படம் சொன்னதே நிலைத்தது: 2010 ஜூன் 15ஆம் தேதி அறிக்கை வந்தது, சுடப்பட்டவர்களால் யாருக்கும் ஆபத்து இருக்கவில்லை என்றது, பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு சின்ன விஷயத்தில் அப்படி ஆகவில்லை. இறந்தவர்களில் 17 வயதுப் பையன் ஒருவனின் உடைப் பைகளில் ஆணிக் குண்டுகள் இருந்ததாக ராணுவம் சொன்னது. ராணுவமே வைத்தது என்பது டெர்ரியின் உறுதியான நம்பிக்கை. படமும் அந்தப் பக்கமே நிற்கிறது. சாவில் அறிக்கையோ, குண்டுகள் அவனிடம் இருந்திருக்கக்கூடும் என்றே முடிவு செய்தது. ஆனால் அவன் அவற்றை எறிய முயலவில்லை, அவனைச் சுட்டதற்கு அவை காரணமும் அல்ல என்றது. படத்தை விரும்புகிற எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. பையனின் பை காலியாக இருந்தால்தான் அவன் நிரபராதி என்று ஒரு கதாசிரியருக்குத் தோன்றிவிடுகிறது. பையில் என்ன இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்த அவனைச் சுட்டது தவறு என்று சொல்ல, 12 வருடம் உட்கார்ந்து, 19 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து, பல ஆயிரம் பக்கம் எழுத வேண்டியிருந்தது. அந்த வாக்கியம் படத்தில் இருந்திருந்தால் படம் இன்னும் வலுவாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் மறுக்கலாம், மறுப்பவர்கள் இடைவேளைக்குப் பின் பேசுங்கள்.

சுட்டவர்கள்மேல் நடந்த வழக்கும் முடிந்துவிட்டது. இரண்டு கொலை, ஐந்து கொலை முயற்சி என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரே படைவீரரை, ஆதாரம் போதவில்லை என்று 2025 அக்டோபரில் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் விடுவித்தது. இந்தச் சம்பவத்தைப் பற்றி அதே 2002 ஜனவரியில் ஜிம்மி மெக்கவர்ன் எழுதிய ‘சன்டே’ என்ற இன்னொரு படமும் வந்தது. அது குடும்பங்களின் பக்கமிருந்து, விட்ஜரி விசாரணையையும் சேர்த்துச் சொல்கிறது. கிடைத்தால் அடுத்த மாதம் போடச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, பார்ப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கேமரா ஆடிக்கொண்டே இருக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் திரை சட்டென்று இருண்டுவிடும். ப்ரொஜெக்டர் கெட்டுப்போகவில்லை, யாரும் எழுந்து ஆபரேட்டரைக் கூப்பிட வேண்டாம். டெர்ரிக்காரர்களின் இங்கிலீஷ் இங்கிலீஷ்காரர்களுக்கே சரியாகப் புரியாது, அதனால் சப்டைட்டில் போட்டிருக்கிறோம். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள். எல்லாவற்றையும் பிடிக்க முயலாதீர்கள். லாரி திரும்புகிற இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விளக்கை அணைக்கலாம்.